கோவில்பட்டியில் மாண்டரின் மீன்

கோவில்பட்டியில் கடல்மீன் வளர்க்கிறேன் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணித் தண்ணீர் குழாய் வழியே வந்து சேர்ந்தால்தான் நமக்குக் குடிதண்ணீர். "குடத்தோட வரிசையில நின்ன ஊர்ல உமக்குக் கடல் கேக்குதோ?" என்பார் காலையில் என்னோடு நடக்க வருகிற நண்பர். தீப்பெட்டி ஆபீசில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவனுக்கு ஓய்வுக்குப் பிறகு ஏதாவது ஒன்று வேண்டியிருக்கிறதே!

தொட்டி 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 2 அடி உயரம். கல்லும் மணலும் போக ஏறக்குறைய 300 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். முதலில் வந்தவை கோமாளி மீன்கள். அவற்றைக் கடலில் பிடிக்க வேண்டியதில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் தொட்டியிலேயே முட்டையிட வைத்து, குஞ்சு பொரித்து வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். கோமாளிகள் எதைப் போட்டாலும் சாப்பிடும். இரண்டு வருஷம் அவற்றோடு சுகமாகப் போயிற்று.

மாண்டரின் மீன் விஷயம் வேறு. சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். நீல உடம்பில் ஆரஞ்சும் பச்சையுமாக வளைவு வளைவாகக் கோடுகள். பழைய சீன அரசவை அதிகாரிகளின் பட்டு அங்கியைப் போல இருப்பதால் அந்தப் பெயர். பெரும்பாலான மீன்களில் நாம் பார்க்கும் நீலம் வெளிச்சம் பட்டுத் தெறிப்பதால் வரும் தோற்றம். இதன் தோலிலோ நிஜமான நீலச் சாயமே இருக்கிறது. அப்படிப்பட்ட உயிர்கள் மிகச் சில. செதில் கிடையாது, கெட்ட வாடையுள்ள ஒரு வழுவழுப்பு உடம்பெங்கும் பூசியிருக்கும். அதனால் மற்ற மீன்கள் வாய் வைக்காது.

இத்தனை அழகுக்கும் வாய் மட்டும் ஊசிக்காது அளவு. ஜப்பானின் தென்தீவுகளிலிருந்து ஆஸ்திரேலியா வரை பவளப்பாறை இடுக்குகளில் நாள் முழுக்கக் கோழி கிளறுவது போல் கொத்திக்கொண்டே இருக்கும். கோப்பிபாட் என்கிற, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத பூச்சிகள்தான் அதன் முக்கிய உணவு. கடலில் பிடித்த மாண்டரினைத் தொட்டியில் விட்டால் அது கல்லைக் கொத்திக்கொண்டே இருக்கும்; பார்க்கிறவர்கள் நன்றாக மேய்கிறது என்று நினைப்பார்கள். சின்னத் தொட்டியில் இருக்கிற பூச்சி சில வாரங்களில் தீர்ந்துவிடும். நாம் போடும் தீனியை அது தீனி என்றே அறியாது. எதிரே சோறு மிதக்க, பட்டினியால் சாகும். மதுரையில் தெரிந்த ஒருவர் வீட்டில் அப்படி ஒன்று வற்றி வற்றிப் போனதைப் பார்த்திருக்கிறேன். சாகும் வரை நிறம் மங்கவில்லை.

ஆகையால் வாங்கினால் பண்ணையில் பிறந்ததைத்தான் வாங்குவது என்று இருந்தேன். புளோரிடாவிலுள்ள ஓ.ஆர்.ஏ. என்ற பண்ணை 2010-ல் வளர்ப்பு மாண்டரின்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிறகு வேறு சிலரும் வளர்க்கத் தொடங்கினார்கள். பண்ணைக் குஞ்சுகள் சிறு வயதிலேயே உறைந்த தீனியையும் பொடிக் குருணையையும் தின்னப் பழகியவை. சென்னை கொளத்தூரில் ஒரு கடைக்காரரிடம் சொல்லிவைத்து எட்டு மாதம் காத்திருந்தேன். "வந்திருக்கு சார், ஒரு ஜோடி" என்றார். தீனி போட்டு, அவை தின்பதை வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். பிறகுதான் பணம் கொடுத்தேன்.

இது என் அப்பாவிடம் கற்றது. எட்டயபுரம் சந்தையில் ஆடு வாங்கும்போது பல்லைப் பார்ப்பார், நடையைப் பார்ப்பார். ஆனாலும் வீட்டுக்கு வந்தபின் ராத்திரி லாந்தரோடு தொழுவத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் படுப்பார். "வந்த அன்னிக்கு அசை போட்டா நம்ம ஆடு. போடலைன்னா அது இன்னும் சந்தை ஆடுதான்" என்பார்.

நெல்லை எக்ஸ்பிரசில் மருமகன் கையோடு கொண்டுவந்த பையை முதலில் தொட்டித் தண்ணீரில் மிதக்க விட்டேன். சூடு சமமானதும் மெல்லிய குழாய் வழியே தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் பைத் தண்ணீரில் கலந்தேன். பிறகும் தொட்டியில் நேரே விடவில்லை. துளை போட்ட பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைத் தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டு அதில் விட்டேன். தண்ணீர் ஒன்றுதான், ஆனால் கோமாளிகள் வந்து தீனியைப் பறிக்க முடியாது. யார் எவ்வளவு தின்றார்கள் என்பதும் நமக்குத் தெரியும்.

ஆண் மீனுக்கு முதுகுத் துடுப்பில் முதல் முள் நீண்டு கொடிபோல் இருக்கும். அது அன்று மாலையே தின்றது. பெண் மீன் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டது. மறுநாளும் அப்படியே. காதுக்குப் பின்னால் என்று நாம் சொல்வோமே, அந்த இடம் குழி விழுந்தது. வயிறு உள்ளே ஒட்டிற்று. என் மனைவி மீன் தொட்டிப் பக்கம் அதிகம் வரமாட்டாள். அன்று வந்து நின்று பார்த்தாள். "ஏங்க, வாயில்லாத ஜீவனைக் கூட்டிட்டு வந்து பட்டினி போட்டா நல்லாவா இருக்கு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். அவள் கேட்டதில் தப்பு என்ன?

அசையாத தீனியை அது மதிக்கவில்லை என்றால் அசைகிற தீனிதான் வழி. ஆர்டீமியா என்ற உப்புநீர்ப் பூச்சி நமக்கு அந்நியமல்ல. தூத்துக்குடி உப்பளங்களிலேயே இருக்கிறது. அதன் காய்ந்த முட்டை டப்பாவில் கிடைக்கும். உப்புத்தண்ணீரில் போட்டு, வெளிச்சம் காட்டி, காற்றுக் குமிழி விட்டால் 28 டிகிரி சூட்டில் 24 மணி நேரத்தில் பொரித்துவிடும். அந்தச் சூட்டுக்குக் கோவில்பட்டியில் பஞ்சமா? பொரித்த சில மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். நேரம் போகப் போகக் குஞ்சு தன் கருவுணவைத் தானே கரைத்துவிடும், சத்து குறையும்.

மூன்றாம் நாள் காலை, மோட்டாரை நிறுத்திவிட்டு, ஊசியில்லாத சிரிஞ்சியால் ஆரஞ்சு நிறப் புகைபோல் அந்தக் குஞ்சுகளைப் பெண் மீனின் முன்னால் மெதுவாக விட்டேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தது. கண் இரண்டும் தனித்தனியே உருண்டன. பிறகு ஒரு கொத்து. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, காப்பி போட்டுக்கொண்டு வந்து வைத்தாள்.

அடுத்த வாரம் உயிருள்ளதோடு உறைந்ததைப் பாதிக்குப் பாதி கலந்தேன். பிறகு முக்கால் பங்கு உறைந்தது. சின்ன ஊறுகாய் பாட்டில் ஒன்றைப் பெட்டிக்குள் சாய்த்து வைத்து, தீனியை அதற்குள்ளேயே விட்டேன். இரண்டும் பாட்டிலுக்குள் போய்த் தின்னப் பழகின. பன்னிரண்டாம் நாள் இரவு விளக்கணைத்தபின் தொட்டியில் திறந்துவிட்டேன். அதே பாட்டில் இப்போது மணலில் பாதி புதைந்து கிடக்கிறது. அதன் வாய் கோமாளிகளுக்குக் கொள்ளாது. வேளையானால் ஜோடி இரண்டும் பாட்டிலுக்கு முன்னால் வந்து நிற்கும்.

நம் ஊரில் வளர்க்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். போர்த் தண்ணீர் வேண்டாம்; வடிகட்டிய ஆர்.ஓ. தண்ணீரில் மீன் தொட்டிக்கென்று விற்கும் கடலுப்பைக் கரையுங்கள். தூத்துக்குடிக் கல்லுப்பு உதவாது. உப்பளத்தில் உப்பு வாரியபின் மிஞ்சும் கசப்புத் தண்ணீரோடு மெக்னீசியம் போய்விடுகிறது. மீனுக்கு அதுவும் வேண்டும். அடர்த்தி 1.025 இருக்கட்டும். சித்திரையில் தொட்டியின் மேல் மின்விசிறி ஓடினால் சூடு இரண்டு மூன்று டிகிரி இறங்கும். அதற்குக் கூலியாக நாளைக்கு நாலைந்து லிட்டர் ஆவியாகும். போவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே நிற்கும். எனவே ஈடு செய்ய நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். காற்று மோட்டாரை இன்வெர்ட்டரில் இணைத்துவிடுங்கள்.

இவை எல்லாவற்றையும் விடக் கஷ்டம், தினம் மூன்று வேளை தீனி. பண்ணையில் பிறந்தாலும் வயிறு அதே வயிறுதான்; ஒரே வேளையில் நிறையத் தின்று தாங்காது. பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போய் ஒரு மாதம் இருந்தது பழைய கதை. இப்போது நாலு நாள். அதற்கும் பதினொன்றாம் வகுப்பு படிக்கிற பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பழக்கிவிட்டு, பொட்டலம் பொட்டலமாக அளந்து வைத்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். "தாத்தா, எங்களைவிட மீன் முக்கியமா?" என்று பேரன் போனில் கேட்கிறான். அவனுக்குச் சொல்லப் பதில் என்னிடம் இல்லை. அவனுக்குப் பசித்தால் கேட்கத் தெரியும் என்று மட்டும் நினைத்துக்கொள்கிறேன்.

வந்து பத்து மாதம் ஆகிறது. சில நாட்களாக விளக்கு மங்கும் வேளையில் இரண்டும் பக்கத்தில் பக்கம் ஒட்டியபடி மணலிலிருந்து மெல்ல மேலே எழும்பி, ஒரு நொடியில் பிரிந்து கீழே இறங்குகின்றன. அவை முட்டையிடும் முறை அது. முட்டைகள் தண்ணீரில் கலந்து வடிகட்டிக்குள் போய்விடுகின்றன. குஞ்சு வளர்க்கும் வசதி என்னிடம் கிடையாது.

கடைக்குப் போனால் நிறத்தைப் பார்த்து மயங்காமல், "எனக்கு முன்னால் தீனி போட்டுக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். தயங்கினால் வந்துவிடுங்கள். ஆர்டீமியா பொரிக்கும் முறையை அடுத்த பதிவில் விவரமாக எழுதுகிறேன்.