ரஷ்ய மொழி படிக்க அல்மாட்டிக்கு ஒரு டிக்கெட்!

ரஷ்ய மொழியை அந்த மண்ணிலேயே போய்ப் படிக்க வேண்டுமென்றால் மாஸ்கோ, இல்லையென்றால் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுக்குப் பல காலம் இதுதான் வழி. 2022-ல் உக்ரைன் போர் மூண்டதும் அந்த வழி ஏறக்குறைய அடைபட்டது. இப்போது அவர்களில் பலர் வந்து இறங்கும் ஊர், கஜகஸ்தானின் அல்மாட்டி. இங்குள்ள அல்-ஃபராபி பல்கலைக்கழகத்துக்குப் போருக்கு முன்பே அமெரிக்க மாணவர்கள் வரத் தொடங்கிவிட்டார்கள்.

பொறியியலோ பொருளாதாரமோ படிக்கும் ஒருவர், கூடவே இன்னொரு துறையில் சில தாள்கள் எடுத்துக்கொள்வதுதான் ‘மைனர்’. ரஷ்யனை மைனராக எடுத்தால் முதலில் மொழி, பிறகு கொஞ்சம் இலக்கியம், சினிமா, வரலாறு. 33 எழுத்துகளைச் சில வாரங்களில் பிடித்துவிடலாம். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களை அழவைப்பது ஆறு வேற்றுமைகள்தான். எட்டு வேற்றுமைகளைப் பள்ளியிலேயே பார்த்த நமக்கு இதெல்லாம் பெரிய விஷயமா என்ன? ‘அவன் மாணவன்’ என்று நாம் சொல்வதைப் போலவே ரஷ்யனிலும் இரண்டே சொல்லில் வாக்கியம் முடிந்துவிடும். நீ, நீங்கள் என்ற மரியாதை வித்தியாசமும் உண்டு.

ஆனால் ‘போகிறேன்’ என்று மொட்டையாகச் சொல்ல முடியாது. நடந்தா, வண்டியிலா? இப்போது போவதா, தினமும் போய் வருவதா? ஒவ்வொன்றுக்கும் வினைச்சொல் மாறும். இதற்கு அல்மாட்டி நல்ல பயிற்சிக்கூடம். தெற்கே பனி மூடிய மலை, அதன் சரிவில் ஊர். வழி கேட்டால் ‘மேலே போங்கள்’, ‘கீழே போங்கள்’ என்றுதான் பதில் வரும். தெருவோரத்து ‘அரிக்’ வாய்க்காலில் மலைத் தண்ணீர் ஓடும் பக்கம்தான் கீழே!

பான்ஃபிலோவ் பூங்காவில், 1911 நிலநடுக்கத்தைத் தாங்கி நின்ற மர தேவாலயம் இருக்கிறது. எல்லோரும் போட்டோ எடுத்துக்கொள்வது அங்கேதான். மொழி மாணவர் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம், பக்கத்தில் இருக்கும் கிரீன் பஜார்.

அங்கே குதிரை இறைச்சிக் கடைகளைத் தாண்டினால் சாலட் கடைகள். மெல்லிய குச்சிகளாகச் சீவிய கேரட், பூண்டு, வினிகர், மிளகாய். பெயர் ‘கொரிய கேரட்’. கொரியாவில் இந்தப் பண்டம் கிடையாது. 1937-ல் ஸ்டாலின் அரசு ரஷ்யாவின் கிழக்குக் கோடியிலிருந்து சுமார் 1,70,000 கொரியர்களை ரயிலேற்றி மத்திய ஆசியாவில் கொண்டுவந்து இறக்கியது. கிம்ச்சிக்கு வேண்டிய முட்டைக்கோஸ் இங்கே கிடைக்கவில்லை. கிடைத்த கேரட்டை வைத்துச் சமாளித்தார்கள். அவர்களின் பேரன் பேத்திகளில் பெரும்பாலோருக்கு இன்று வீட்டு மொழியே ரஷ்யன்தான். வால்கா நதிக்கரை ஜெர்மானியர்கள், செசன்யர்கள் என்று இப்படி விரட்டப்பட்டு வந்தவர்கள் பலர். ஒருவரோடு ஒருவர் பேச அவர்களுக்குக் கிடைத்த பொதுமொழியும் அதுவே. புஷ்கின் பாடத்தில் இது வராது.

சரி, ஊர்க்காரர்களான கஜக் மக்கள்? 1930-33 பஞ்சத்தில் அவர்களில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சொந்த நாட்டிலேயே சிறுபான்மையாகி, நகரத்தில் தங்கள் மொழி பின்னுக்குப் போனதையும் பார்த்தார்கள். இப்போது காற்று திரும்பியிருக்கிறது. ரஷ்ய வழக்கப்படி தந்தை பெயரோடு சேரும் ‘ஓவிச்’, ‘ஓவ்னா’வை விட்டுவிட்டு, மகன், மகள் எனப் பொருள்படும் ‘உலி’, ‘கிஸி’யைப் பலர் வைத்துக்கொள்கிறார்கள். கடையில் மாணவர் ரஷ்யனில் ‘ஸ்பசீபா’ என்று நன்றி சொன்னால், கஜக் மொழியில் ‘ரஹ்மெத்’ என்று பதில் வரலாம். அந்த ஒரு சொல்லைத் திருப்பிச் சொல்லத் தெரிந்த மாணவருக்கு ஊரே கொஞ்சம் இளகும்.

பெயர்ப்பலகையும் மாறுகிறது. சோவியத் எழுத்தாளர் ஃபுர்மானோவ் பெயரில் இருந்த பெரிய தெரு, 2017-ல் நாட்டின் முதல் அதிபர் நஸர்பாயேவின் பெயருக்கு மாறியது. மேப்பில் புதுப் பெயர்தான் இருக்கும். ஆனால், வயதானவர்களிடம் வழி கேட்டால் பழைய பெயரைத்தான் சொல்வார்கள். புதிதாக வரும் மாணவர் இரண்டையும் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.