கருவி வந்தது, கருத்து வந்ததா?

புதிய இயந்திரம் எதைக் கண்டாலும் நம் மக்கள் மிரளுவர், பழைமைப் பற்று அவர்தம் கண்ணை மறைக்கும் என்று சொல்வோர் உளர். நான் அங்ஙனம் கருதவில்லை. பழைய கட்டுக்கு ஊழியம் செய்யும் கருவியை நம் சமுதாயம் கோலமிட்டு வரவேற்கிறது. அக்கட்டைத் தளர்த்தும் கருவியையோ வாசலிலேயே நிறுத்தி வைக்கிறது. இரண்டு கருவிகளை எடுத்துக்கொள்வோம், தோழர்களே!

ஒன்று, ஸ்கேன் கருவி. ஒலியலையைச் செலுத்தி, திரும்பிவரும் எதிரொலியைப் படமாக்கிக் கருவிலுள்ள குழந்தையைக் காட்டுவது. தாயையும் சேயையும் காக்க வந்த விஞ்ஞானக் கொடை. இது சாத்திரத்தில் இல்லையே என்று வைதீகர் எவரேனும் தடுத்தனரா? தடுக்கவில்லை. ஆணா பெண்ணா என்ற கேள்விக்கு அது விடை சொல்லிற்றன்றோ! பெண் என்றால் செலவு, ஆண் என்றால் கொள்ளி வைக்க ஆள் என்னும் எண்ணத்தின் கையில் அது வாளாயிற்று. பாலினம் அறிந்து கருவழிப்பதைத் தடுக்க 1994-இல் சட்டமே இயற்ற நேர்ந்தது. ஆறு வயது வரையிலான ஆண் குழந்தைகள் ஆயிரவருக்கு, 1991-இல் இந்தியாவில் 945 பெண் குழந்தைகள் இருந்தனர். 2001-இல் 927 பேரே இருந்தனர்.

மற்றொன்று, சாக்கடை அடைப்பெடுக்கும் இயந்திரம். இழிவானவை என்று ஒதுக்கப்பட்ட வேலைகளை இயந்திரம் செய்யும் காலத்தைப் பெரியார் ‘இனிவரும் உலகம்’ கட்டுரையில் அன்றே கண்டார். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதை 1993, 2013 ஆம் ஆண்டுச் சட்டங்கள் தடுத்தன. குழியில் இறங்கித் தூர்வாரும் இயந்திரத்தைக் கேரளத்து இளம் பொறியாளர்கள் 2018-இல் இயக்கிக் காட்டினர். 2023-இல் நிலவின் தென்துருவத்தருகே கலம் இறக்கிய நாடு இது. ஆயினும், சாக்கடைக் குழியில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாய் தரவேண்டுமென 2014-இல் கூறிய உச்ச நீதிமன்றம், 2023-இல் அதை 30 இலட்சமாக உயர்த்த வேண்டியிருந்தது. தொகை ஏறிற்று, சாவு நிற்கவில்லை.

ஏன்? எங்கள் தெருச் சாக்கடை ஒருமுறை அடைத்துக்கொண்டபோது விடை கிடைத்தது. வண்டி வர இரண்டு நாளாகும் என்றார்கள். “வண்டி எதற்கு? அதற்கென்று ஆள் இருக்கிறார்களே!” என்றார் அண்டை வீட்டுப் பெரியவர். பட்டம் பெற்றவர், கையில் விலையுயர்ந்த கைப்பேசி.

“ஐயா, உள்ளே நச்சுக்காற்று இருக்கும். உங்கள் மகனை இறக்குவீர்களா?” என்று கேட்டேன். கோபித்துக்கொண்டார். இரண்டு நாள் காத்திருந்தோம். வண்டி வந்தது, அரைமணியில் அடைப்பு நீங்கிற்று.

‘அதற்கென்று ஆள்’ என்ற அந்தச் சொல்லைத்தான் நான் அஞ்சுகிறேன். மனித உயிர் மலிவாகக் கிடைக்கும்வரை இயந்திரம் விலையேறியதாகவே தோன்றும். அவ்வுயிருக்கு மலிவு விலை குறித்தது சாதி. பெண் கருவுக்கு விலையே இல்லையென்று குறித்ததும் அதே பழைமைதான்.

ஆகவே தோழர்களே, புதிய கருவி வந்ததும் கைதட்டுவது மட்டும் பகுத்தறிவாகாது. அது யாருடைய சுமையை இறக்குகிறது, யார் கழுத்தை நெரிக்கிறது என்று கேளுங்கள். உங்கள் தெருவில் அடைப்பு ஏற்பட்டால் வண்டி வரும்வரை காத்திருங்கள். எவரையும் குழியில் இறங்க விடாதீர்கள். இரண்டு நாள் நாற்றத்தை நாம் பொறுக்கலாம். ஒரு மனிதன் குழிக்குள் மூச்சுத் திணறிச் சாவதைப் பொறுக்கலாகாது.