பீரில் இரண்டு திரைகள்

இமாசலப் பிரதேசத்தின் பீர் கிராமத்துக்கு வருகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். 2015-ல் பாராகிளைடிங் உலகக் கோப்பை நடந்த ஊர். மேலே பில்லிங்கிலிருந்து கிளம்புகிறவர்கள் வண்ணக் குடைகளில் மிதந்து இறங்குகிறார்கள்.

நானோ ஒரு மாதமாகத் திரையைப் பார்க்கிறேன். அதுவும் இரண்டு. ரசீதுகள் ஒன்றில், கணக்கு மற்றதில் இருந்தால்தான் என் வேலை ஓடும். அதற்காகவே 15.6 அங்குலத் திரையை, முக்கால் கிலோதானே என்று, பையில் போட்டு வந்தேன். முதல் நாளே காலை வாரியது. செல்போன் சார்ஜர் கேபிளைச் செருகினேன். விளக்கு எரிந்தது, படம் வரவில்லை. டைப்-சி முனை ஒரே மாதிரி இருந்தாலும் எல்லாக் கேபிளும் படத்தைக் கடத்தாது. சரியான கேபிள் தில்லியில், என் மேஜை மீது. கூரியரில் வந்து சேர்ந்தது நான்காம் நாள். அதற்குள் மாதக் கடைசிக் கணக்கை ஒற்றைத் திரையில் இரவு இரண்டு மணிவரை முடித்தாயிற்று.

மின்சாரம் போனால் இந்தத் திரை மடிக்கணினியின் பேட்டரியையே உறிஞ்சும். வெயிலிலோ, அதன் 250 நிட்ஸ் வெளிச்சத்தில் என் முகம்தான் தெரிகிறது. எனவே தௌலாதார் மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

தேநீர் கொண்டுவந்த வீட்டுக்கார அம்மாள் கேட்டார்: "சுவரைப் பார்க்கவா தில்லியிலிருந்து வந்தீர்கள்?"