சாமான் அறைச் சுவர்: எங்கள் கணக்கில் நடந்த தவறு



சாமான் அறையில போட்ட புதுச் சுவரோட அடிப்பக்கத்தை ஏன் வெட்டி எடுத்திருக்கோம்னு போன வெள்ளிக்கிழமை நிறைய பேர் கேட்டீங்க. தப்பு தொண்டூழியர்களான எங்களோடதுதான்.

அது செங்கல் சுவர் இல்லை. இரும்புத் தகட்டுச் சட்டம் நிறுத்தி, இரண்டு பக்கமும் ஜிப்சம் பலகை அடிக்கிற ‘டிரைவால்’. தோ பாயோவின் பழைய வீவக வீடுகளில் செங்கல் சுவருக்கு நடுவில் வளர்ந்தவர்கள் நாங்கள். தட்டினா டொக் டொக்குன்னு கேட்குதேன்னு எங்களுக்கே முதல்ல ஒரு மாதிரிதான் இருந்தது. ஆனால் எடை குறைவு, வேலை சீக்கிரம் முடியும். ஜிப்சத்தின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதற்குள்ளேயே பிணைந்திருக்கும் நீர். தீப்பட்டால் அது ஆவியாகி, சூடு மறுபக்கம் போவதைத் தாமதப்படுத்தும். விளக்கு எரியும் இடத்துக்கு நல்லதுதானே என்று நினைத்தோம்.

முதல் சறுக்கல் பலகைக் கணக்கில். சுவர் 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம். இரண்டு பக்கமும் சேர்த்து 36 சதுர மீட்டர். கதவுக்குக் கழித்தால் 32 சொச்சம். ஒரு பலகை 1.2க்கு 2.4 மீட்டர், அதாவது 2.88 சதுர மீட்டர். வகுத்துப் பார்த்து 12 போதும் என்று வாங்கிவிட்டோம். பலகை உயரம் 2.4தான், சுவர் 3 மீட்டர் என்பதை யாரும் யோசிக்கவில்லை! பக்கத்துக்கு 5 வீதம் 10 முழுப் பலகை. மேலே மிச்சமுள்ள 60 சென்டிமீட்டருக்கு இன்னும் 3. கதவுக்கு வெட்டிய துண்டை அங்கே வைக்கலாம்தான், ஆனால் அது 90 சென்டிமீட்டர் அகலம், ஒட்டுப்போட வேண்டும். இறக்கும்போது ஒன்றின் மூலை உடைந்தது. ஆக 14. 3 மீட்டர் பலகை கேட்டு வாங்கியிருந்தால் 10 போதும், குறுக்கே இணைப்பும் வந்திருக்காது.

சட்டமும் அப்படித்தான். 60 சென்டிமீட்டருக்கு ஒன்று என்றால் 10 இல்லை, 11. தொடக்கத்தில் நிற்பதையும் எண்ணணும். கதவின் இருபுறமும் தனியாக இரண்டு.

இதெல்லாம் காசோடு போச்சு. பெரிய தப்பு தரையில். பலகையைத் தரையைத் தொடும்படி இறக்கிட்டோம். நம்ம கோயில்ல தினமும் தரை கழுவுறோம். பலகைமேல் ஒட்டியிருக்கும் காகிதமும் உள்ளே ஜிப்சமும் விளக்குத்திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி தண்ணீரை மேலே இழுக்கும். சில மாதத்திலேயே அடி உப்பி, கறுப்புப் பூசணம் பிடித்துவிட்டது.

இந்தச் சுவருக்குக் கணவர் நினைவாக உபயம் கொடுத்த அம்மா வந்து பார்த்தாங்க. ஒண்ணும் சொல்லலை. சேலைத் தலைப்பால் அந்த இடத்தை ஒருதரம் துடைச்சுட்டு, பிரசாதம் வாங்கப் போயிட்டாங்க. திட்டியிருந்தா தேவலை.

இப்போது அடியில் 30 சென்டிமீட்டர் வெட்டிவிட்டு, ஈரம் தாங்கும் பச்சை நிறப் பலகை வைக்கிறோம். அதுவும் தண்ணீரில் நிற்காது என்பதால் தரையிலிருந்து 1 சென்டிமீட்டர் தூக்கி, இடைவெளியை அடைத்து, மேலே ஓட்டுப் பட்டை பதிக்கிறோம். இந்தச் செலவு எங்கள் கைக்காசு. உபயப் பணத்தைத் தொடவில்லை.

ஒரு வேண்டுகோள்: அந்தச் சுவரில் படமோ விளக்கோ மாட்ட நீங்களே ஆணி அடிக்காதீங்க, பிடிக்காது. சட்டம் நிற்கும் இடங்களைப் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறோம். எங்க யாரையாவது கேளுங்க, வந்து காட்டுறோம்.