எட்டுக்கு நாற்பத்து மூன்று

பூப்பாறைப் பக்கம் நண்பருக்குச் சிறிய ஏலத்தோட்டம் ஒன்று இருக்கிறது. தார்ச்சாலையிலிருந்து தோட்டத்துக்குள் இறங்கும் பாதை முழுக்கப் பாறையும் வேரும்தான். ஏலத்துக்கு நிழல் வேண்டும் என்பதால் மரத்தை வெட்டிப் பாதையை அகலப்படுத்த வழியில்லை. ஜூன் பிறந்து தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால், பின் சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி முதல் ஏற்றத்திலேயே நின்றுவிடும். உரமூட்டை, ஆட்கள், பறித்த பச்சைக்காய் எல்லாவற்றுக்கும் நான்கு சக்கர இழுவை உள்ள டீசல் ஜீப்தான் கதி. புது வண்டியின் விலை அவருக்கு எட்டாது. மின்னணுக் கருவிகளால் ஓடும் புது எஞ்சின் காட்டுக்குள் நின்றுபோனால் கம்ப்யூட்டரோடு ஆள் வரவேண்டும். பழைய எம்.எம்.540க்கோ கமாண்டருக்கோ ஸ்பானர் செட் போதும்.

பழைய ஜீப் தேடி போடிக்கு இறங்கும்போது என்னையும் கூப்பிட்டார். "வண்டியைப் பார்க்க வேண்டாம், பார்க்கிறவரைப் பார்" என்றார். அந்த மெக்கானிக்குக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஊரில் எல்லோருக்கும் அவர் அண்ணன்தான்.

முதல் ஜீப் சாலையோரத் திடல் ஒன்றில் நின்றிருந்தது. புதுப் பச்சை பெயின்ட், புது சீட், பளபளக்கும் பம்பர். புரோக்கர் சாவியை நீட்டினார். அண்ணன் அதை வாங்கவில்லை. பானட்டைத் தூக்கி எஞ்சினில் உள்ளங்கையை வைத்தார்.

"சூடா இருக்கு தம்பி. நாம வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி வச்சுட்டாங்க. ஆறட்டும், டீ குடிச்சுட்டு வருவோம்."

தேய்ந்த டீசல் எஞ்சினின் குட்டு, குளிர்ந்த நிலையில் அதைக் கிளப்பும்போதுதான் வெளிப்படும். திரும்பி வந்து கிளப்பியபோது ஸ்டார்ட்டர் வெகுநேரம் சுற்றி, வெள்ளைப் புகை கக்கியபடிதான் வண்டி எழுந்தது. ஆயில் ஊற்றும் வாயின் மூடியைக் கழற்றி, தலைகீழாக அதன்மேலேயே வைத்தார். மூடி துள்ளியது. "பேக் கம்ப்ரஷன்" என்றார். பிஸ்டன் ரிங் தேய்ந்து, எரிந்த காற்று கீழே கசிகிறது என்று பொருள். பம்ப், நாசில், கிளட்ச் என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனார். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வந்தது சாக்பீஸைப் பற்றி.

சட்டைப் பையிலிருந்து அதை எடுத்த பிறகுதான் அவர் முகத்தில் கவனம் கூடியது. பின் சக்கரங்களில் ஒன்றை மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கினார். மற்ற மூன்றுக்கும் முன்னும் பின்னும் கல் வைத்தார். கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்தார். டயரில் ஒரு கோடு, அடியில் ஓடும் புரொப்பலர் ஷாஃப்டில் ஒரு கோடு. நண்பர் சக்கரத்தைக் கையால் சுற்ற, அண்ணன் மல்லாந்து படுத்து ஷாஃப்டின் சுற்றை எண்ணினார். சக்கரம் 20 சுற்று சுற்றியபோது ஷாஃப்ட் ஏறக்குறைய 49 சுற்றியிருந்தது. அடுத்து முன் சக்கரம். ஹப்பை லாக் செய்து அதே 20 சுற்று. இம்முறை ஷாஃப்ட் 54ஐ நெருங்கியது.

"பின்னாடி 8/39. முன்னாடி 8/43. இது ரெண்டு வண்டி தம்பி, ஒண்ணு இல்ல."

டிஃபரன்ஷியலுக்குள் பினியனில் 8 பல், கிரவுனில் 39 அல்லது 43 பல். 39ஐ எட்டால் வகுத்தால் 4.875, 43ஐ வகுத்தால் 5.375. ஒரு சக்கரம் தரையில் அசையாமல் நிற்கும்போது மற்றதன் 20 சுற்று 10 சுற்றாகவே கணக்காகும். அதனால்தான் 49, 54. நான்கு சக்கர இழுவையைப் போட்டதும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முன் ஷாஃப்டையும் பின் ஷாஃப்டையும் ஒரே வேகத்தில் பூட்டிவிடுகிறது. பல் கணக்கு ஒத்துப்போகாவிட்டால், நுகத்தில் பூட்டிய இரண்டு மாடும் வெவ்வேறு நடை நடப்பதுபோல் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். சேற்றில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். பாறையில் வழுக்க இடமில்லை. முறுக்கம் ஏறி ஏறி, ஷாஃப்டின் மூட்டிலுள்ள கிராஸ் உடையும், இல்லையென்றால் கியர் பல் போகும். ஆட்களை ஏற்றிக்கொண்டு செங்குத்தான ஏற்றத்தில் இருக்கும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று அண்ணன் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

யாரோ சாதாரண ஜீப் ஒன்றுக்குப் பழைய இரும்புக் கடை முன் ஆக்சிலைப் பொருத்தி, ஃபோர் வீல் என்று விலையேற்றியிருக்கிறார்கள். பதிவில் உள்ள வண்டியை இப்படி மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படியும் குற்றம். புரோக்கரிடம் சொன்னோம். "எனக்கென்ன தெரியும், கைமாத்தி விடறவன் நான்" என்றார். எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. விற்கிறவரிடமும் வாங்குகிறவரிடமும் கமிஷன் வாங்குகிற கைக்கு வண்டியின் அடியில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டிய கட்டாயமில்லை. அடியில் படுத்து எண்ணுகிறவருக்குக் கிடைப்பது ஒரு நாள் கூலி மட்டுமே. அவர் வேண்டாம் என்று சொன்ன வண்டியை அந்தப் புரோக்கரே அடுத்த வாரம் வேறொருவர் தலையில் கட்டுவார். மாற்று ஆக்சில் என்று எந்தத் தாளிலும் எழுதப்பட்டிருக்காது. பெயின்டுக்குச் செலவழித்த பணத்தில் பிரேக்கைப் புதுப்பித்திருக்கலாம். அந்த வண்டியில் போகப்போகிறவர்கள் பேரம் நடக்கும் இடத்தில் இல்லை என்பதால்தான் யாரும் அதைச் செய்வதில்லை.

போகிறவர்கள் யார் என்பது அண்ணனுக்கு நன்றாகத் தெரியும். அவருடைய அம்மா ஏலத்தோட்டக் கூலி. விடியுமுன் தூக்குவாளியோடு ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டு வழியாகக் களையெடுப்புக்கும் காயெடுப்புக்கும் போய் இருட்டிய பிறகு திரும்புவார். இன்றும் தேனி மாவட்டத்துப் பெண்கள் அப்படித்தான் இடுக்கி மலைக்குப் போய்வருகிறார்கள். ஒருநாள் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் வண்டியை மலைப்பக்கச் சுவரில் சாய்த்து நிறுத்தியிருக்கிறார் டிரைவர். அம்மாவுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு காய் பறிக்கக் கை உயரவில்லை. அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுப் பட்டறைக்குப் போனார்.

"டீசல்ல சாமான் கழுவுறதுதான் மொத ரெண்டு வருசம். அப்புறம் பியூஜோ."

1979இல் பிரான்சின் பியூஜோ நிறுவனத்திடம் உரிமம் பெற்று மஹிந்திரா தயாரித்த எக்ஸ்.டி.பி. 4.90 எஞ்சினைச் சொல்கிறார். 2,112 சி.சி. ஹீட்டர் பிளக் சூடேறும்வரை காத்திருந்துதான் கிளப்ப வேண்டும். சத்தம் குறைவு. பிறகு வந்த 2,523 சி.சி. டி.ஐ. எஞ்சினுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை, குறைந்த வேகத்திலேயே இழுக்கும், ஆனால் அதிரும். தோட்டத்துக்கு எது நல்லது என்று கேட்டேன். "டி.ஐ.தான். ஆனா எனக்குப் புடிச்சது பியூஜோ" என்றார். பல் கணக்கு பட்டறையில் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரே ஜீப்புக்குத் திரும்பத் திரும்ப கிராஸ் மாற்ற வேண்டியிருந்ததால், தானே கிரவுனைப் பிரித்துப் பல்லை எண்ணித் தெரிந்துகொண்டது.

இரண்டாவது ஜீப் ஒரு தோட்டக்காரரின் வீட்டு வாசலில் நின்றது. பெயின்ட் மங்கி, தார்ப்பாய் கிழிந்திருந்தது. முன் சக்கரத்து நக்கிளில் ஆயில் கசிவு. எஞ்சின் குளிர்ந்தே இருந்தது. இரண்டாம் முயற்சியில் கிளம்பியது, மூடி துள்ளவில்லை. சாக்பீஸ் கோடு போட்டுச் சுற்றியதில் முன்னும் பின்னும் 49. சேசிஸில் பொறித்த எண்ணைத் துணியால் துடைத்து ஆர்.சி.யோடு ஒத்துப் பார்த்தார். பதிவு 15 ஆண்டைத் தாண்டியிருந்தாலும் ஐந்தாண்டுக்குப் புதுப்பித்திருந்தார்கள். நேரடி விற்பனை, நடுவில் ஆள் கிடையாது.

விலை பேசும்போது அண்ணன் ஒதுங்கி நின்றார். முடிந்த பிறகு நண்பரிடம் ஒரே நிபந்தனை சொன்னார்: நான்கு வீல் சிலிண்டரும் மாஸ்டர் சிலிண்டரும் மாற்றாமல் வண்டி மலையேறக் கூடாது. நண்பர் அங்கேயே சரி என்றார். 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஜீப்பை அண்ணனின் பட்டறைக்கே ஓட்டிப்போனோம்.