250 வருஷத் தவணை

வாங்கின கடனைத் திருப்பிக் கட்ட எத்தனை வருஷம் அவகாசம் கேட்கலாம்? ஜப்பானின் சத்சுமா 250 வருஷம் கேட்டது. நிஜமாத்தாங்க!

கியூஷு தீவின் தெற்கு முனை, இன்றைய ககோஷிமா. ஆண்டவர்கள் ஷிமாசு வம்சம். 1830 வாக்கில் அவர்களுடைய கடன் சுமார் 50 லட்சம் ரியோ. வட்டி கட்டவே வருமானம் பத்தாது. நிதிப் பொறுப்புக்கு வந்தார் சுஷோ ஹிரோசாதோ, தேநீர் பணியாளாக வேலைக்குச் சேர்ந்தவர். வியாபாரிகளிடம், "வட்டி கிடையாது, அசல் மட்டும், வருஷத்துக்கு 20,000 ரியோ" என்று முடித்துவிட்டார். 1836ல் ஆரம்பித்தால் கடைசித் தவணை 2085ல்! 10 சதவீத வட்டியில் இன்றைய மதிப்பு போட்டுப் பார்த்தேன், வெறும் 2 லட்சம் ரியோ. பட்டை நாமம். அதுவும் முழுசாக வரவில்லை. 1871ல் குறுநில ஆட்சிகளை ஒழித்த மெய்ஜி அரசு பழைய கடன்களைத் தள்ளுபடி செய்துவிட்டது.

இதுவரை படிக்க ஜாலிதான். ஆனால் கஜானா நிரம்பியது இதனால் மட்டும் இல்லை. தெற்கே அமாமி தீவுகளில் நெல் வயலையும் கரும்பாக்கி, காய்ச்சிய வெல்லம் மொத்தத்தையும் சத்சுமா எடுத்துக்கொண்டது. திருட்டுத்தனமாக விற்றால் மரண தண்டனை. கணக்குக்கு வெல்லம் கொடுக்க முடியாதவர்கள் பணக்கார வீடுகளில் கொத்தடிமை ஆனார்கள். 'யான்சு' என்று பெயர். 1868ல் ஷோகுன் ஆட்சியைக் கவிழ்த்த சத்சுமா படைக்குத் துப்பாக்கி வாங்கியதில் இந்த வெல்லக் காசும் உண்டு. கரும்பு வெட்டினவர்கள் பஞ்ச காலத்தில் சைகஸ் மரத்து மாவை விஷம் போக ஊறவைத்துத் தின்றார்கள்.