தேதியைச் சுற்றி ஒரு வட்டம்

தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் போகும்போது, பல்லாவரம் வந்தால் என் கண் தானாகத் தரைக்குப் போய்விடும். மலையைப் பார்க்கிறவர்கள் மலையைப் பார்க்கட்டும். எனக்குக் கல்தான் வேண்டும். 1863-ம் வருஷம் மே மாதம் 30-ம் தேதி, ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் துறை உத்தியோகஸ்தர் இங்கே ஒரு சரளைக் குழியில்தான் அந்தக் கல்லைக் கண்டெடுத்தார். அவருக்கு முன்னால் எத்தனை பேர் எத்தனை கூடைச் சரளையை அள்ளிக் கொண்டு போய் ரோட்டில் கொட்டினார்களோ! அவர்களுக்கு அது கல். அவருக்கு, எந்தக் காலத்து மனிதனோ செய்த கைவேலை.

எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். பிரஞ்சு தேசத்தில் பூஷே த பெர்த் என்பவர் இப்படிப்பட்ட கற்களை வைத்துக்கொண்டு வெகுகாலம் பரிகாசத்துக்கு ஆளாகியிருந்தார். 1859-ல்தான் இங்கிலாந்து அறிஞர்கள் நேரில் போய்ப் பார்த்து ஒப்புக்கொண்டார்கள். அந்தச் செய்தி ஃபூட்டுக்கும் எட்டியிருந்தது. இயற்கையும் கல்லை உடைக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒரு முகத்தில் ஒரு சில்லு, திருப்பிப் போட்டு மறுமுகத்தில் ஒரு சில்லு, மறுபடியும், மறுபடியும், இருபக்கத்து வடுக்களும் ஒரே விளிம்பில் வந்து கூடும்படி... வெயிலும் வெள்ளமும் அவ்வளவு பொறுமையாக வேலை பார்ப்பதில்லை. ஓர் அடி தற்செயலாக விழலாம். இருபது அடி விழாது. இத்தனைக்கும் அந்தப் புண்ணியவான் நமக்கு ஒன்றும் சொல்ல நினைக்கவில்லை. அவனுக்கு எதையோ வெட்ட வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இதை இப்போது சொல்வதற்குக் காரணம் என் வீட்டுச் சுவரில் தொங்கும் ஒரு பழைய காலண்டர். என் மனைவி காலமான வருஷத்தது. பால் வராத நாளுக்குப் பெருக்கல் குறி, காஸ் சிலிண்டர் வந்த நாளுக்கு 'கா'. அவள் குறியெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் அவள் இருந்து பார்க்காத ஒரு மாதத்தில், 17-ம் தேதியைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். பக்கத்தில் ஓர் எழுத்துக்கூட இல்லை. யாருடைய பிறந்த நாளும் இல்லை, சிராத்தம் இல்லை, சீட்டுத் தவணையும் இல்லை.

"பேனா எழுதுகிறதா என்று அம்மா கிறுக்கிப் பார்த்திருப்பாள், அப்பா. விட்டுத் தள்ளுங்கள்" என்றாள் பெண்.

தள்ளிவிட்டதாகத்தான் நினைத்தேன். ஆனால் அந்த 17-ம் தேதி நான் வாசற்படி தாண்டவில்லை. பழைய சிநேகிதர் ஒருவர் கூப்பிட்டார். ஜுரம் என்று பொய் சொன்னேன். யாரும் வரவில்லை. சாயங்காலம் பூக்காரி குரல் கொடுத்தாள். அவள் தினமும்தான் கொடுக்கிறாள்.

ராத்திரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காலண்டரைக் கழற்றி விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். பேனா ஒரு முறை அல்ல, இரண்டு முறை சுற்றியிருந்தது.